ரோஜா முள்ளும் நீட்ட முடியாத விரலும்

ஓசூரைச் சுற்றியுள்ள ரோஜாத் தோட்டங்களில் முள் குத்துவதைக் காயம் என்று யாரும் கணக்கில் வைப்பதில்லை. பாகலூர், பேரிகை, கெலமங்கலம், தளி எனக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேட்டுநிலம் எங்கும் பசுமைக்குடில்கள் இருக்கின்றன. பிப்ரவரி 14-ஐ ஒட்டிய சந்தைக்காக ஜனவரியின் பிற்பகுதியில் பூ வெட்டும் வேலை விடியற்காலையிலும் மாலையிலும் ஓய்வின்றி நடக்கும். காம்பு வெட்டும்போதும் கட்டுப் போடும்போதும் கையுறை அணிந்துகொள்ளலாம். பக்க மொட்டுகளைக் கிள்ளி எடுக்கும் வேலைக்கு மட்டும் கையுறை ஒத்துவராது. ஆகவே வெறுங்கையால் கிள்ளுவார்கள், முள் குத்தும், குத்திய இடத்தை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார்கள். எங்கள் அரை ஏக்கர் குடிலில் அப்படிக் குத்திய ஒரு முள், என் கணவரை அறுவை அரங்கு வரை கொண்டுபோய்விட்டது. அந்த அனுபவத்தில் மருத்துவர்களிடமும் இயன்முறை சிகிச்சையாளரிடமும் கேட்டறிந்தவற்றை, கையால் உழைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முள் குத்தியது வலது கை நடுவிரலின் உள்ளங்கைப் பக்கத்தில், நடு மூட்டின் மடிப்புக் கோட்டின் மேல். இந்த இடத்தைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விரலின் மற்ற பகுதிகளில் தோலுக்கும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கும் இடையே கொழுப்பு மெத்தையாக இருக்கிறது; மடிப்புக் கோடுகளில் அது ஏறக்குறைய இல்லை. அங்கே ஆழமில்லாமல் குத்தும் முள்கூட, டெண்டான் என்று மருத்துவர்கள் சொல்லும் தசைநாணின் உறைக்குள் நேராக இறங்கிவிடக்கூடும். வெளியே தெரிந்தது ஒரு புள்ளி. இரத்தம்கூடச் சரியாக வரவில்லை. அன்று இரவு விரல் விண்விண்ணென்று தெறிப்பதாகச் சொன்னார். மறுநாள் காலையில் விரல் அடி முதல் நுனி வரை ஒரே சீராகப் பருத்து, இலேசாக மடங்கிய நிலையில் நின்றது.

என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு நகச்சுற்று என்று முடிவு செய்து, எலுமிச்சம்பழத்தில் துளையிட்டுக் கொண்டுவந்தார். விரல் அதற்குள் நுழையவே இல்லை. அந்த நுழையாமையே ஓர் அடையாளம் என்பது பிறகு விளங்கியது. நகச்சுற்று நகத்தின் ஓரத்தில், தோலின் மேல்மட்டத்தில் வருவது. வலியும் வீக்கமும் அந்த ஓரத்திலேயே நிற்கும். விரல் நுனிச் சதைக்குள் சீழ் கட்டுவது இன்னொரு வகை. அதில் நுனி மட்டும் கல்லாக இறுகி வலிக்கும், மூட்டுகள் ஓரளவு மடங்கி நீளும். மூன்றாவது வகையில் தொற்று தசைநாணின் உறைக்குள் இருக்கும். அப்போது விரல் முழுவதும் ஒரே பருமனாக வீங்கும். முதல் வகைக்கு எலுமிச்சம்பழமும் வெந்நீரும் இதமாக இருக்கலாம். மூன்றாவதற்கு அவற்றால் பயனில்லை என்பதோடு, வீட்டு வைத்தியத்தில் கழியும் ஒவ்வொரு வேளையும் தசைநாணுக்குக் கேடு. எருக்கம்பால் வைத்தால் முள் தானே வெளியேறும் என்று பக்கத்துக் குடிலில் இருந்தவர் சொன்னார். எருக்கம்பால் தோலை அரித்துப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதனால் அந்த யோசனையை நான் ஏற்கவில்லை.

கடைத்தெருவில் இருந்த ஒரு கிளினிக்கில் வலிக்கு ஊசி போட்டு, மாத்திரைகள் கொடுத்து, தீர்ந்த பிறகு வரச்சொன்னார்கள். ஊசியின் வேகத்தில் வலி தணிந்தது. அவரும் மாலையில் பூக்கட்டுகளை எண்ணப் போய்விட்டார். இரவில் வலி முன்னிலும் கடுமையாகத் திரும்பியது. அங்கே மருந்து கொடுத்தவரை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். கூட்டம் நெரிந்த இடத்தில் ஒரு புள்ளிக் காயத்துக்கு யாரும் அவ்வளவுதான் செய்வார்கள். ஆனால் அந்த விரலை யாரும் தொட்டு நீட்டிப் பார்க்கவில்லை. முழுச் சிக்கலும் அந்த ஒரு சோதனையில்தான் வெளிப்படும்.

அதைச் செய்தவர், தடுப்பூசி போடுவதற்காக நாங்கள் சென்ற ஆரம்ப சுகாதார நிலையத்தின் இளம் பெண் மருத்துவர். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டுக்கொண்டே, விரலின் நகத்தை மட்டும் பிடித்து மெல்ல மேலே தூக்கினார். வலி தாங்கக்கூடியவர் என்று பெயரெடுத்த என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பிறகு பேனாவின் பின்பக்கத்தால் உள்ளங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோட்டில் அழுத்திக்கொண்டே வந்தார். கோடு முழுவதும் வலித்தது, விரலின் பக்கவாட்டில் அழுத்தியபோது அவ்வளவு வலியில்லை. “அண்ணா, இனிமே எதுவும் சாப்பிடாதீங்க, தண்ணியும் கேட்டுட்டுக் குடிங்க, இன்னிக்கே கிருஷ்ணகிரி போயிடுங்க” என்றார். அறுவை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் சொன்னதாகப் பின்னர் புரிந்தது. முள் குத்திய நேரம், அதுவரை கொடுக்கப்பட்ட மருந்துகள், சர்க்கரை அளவு, டெட்டனஸ் ஊசி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதித் தந்தார். மருத்துவமனையில் எங்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தியது அந்தத் தாள்தான்.

அவர் பார்த்த அடையாளங்கள் நூறாண்டுக்கும் மேல் பழமையானவை. சிகாகோவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஆலன் கனாவெல், கையில் வரும் தொற்றுகளைப் பற்றி 1912-இல் விரிவாக எழுதினார். பென்சிலின் வருவதற்கு முந்தைய அந்தக் காலத்தில் கையில் சீழ் கட்டினால் விரலோ கையோ உயிரோகூடப் போவது வழக்கமாக இருந்தது. அவருடைய பெயரால் இன்றும் நான்கு அடையாளங்கள் கற்பிக்கப்படுகின்றன: விரல் முழுவதும் ஒரே சீராக வீங்குவது, இலேசாக மடங்கிய நிலையிலேயே நிற்பது, தசைநாணின் உறை ஓடும் கோடு நெடுகிலும் அழுத்தினால் வலிப்பது, பிறர் நீட்டிவிடும்போது வலி பொறுக்க முடியாமற்போவது. இவற்றில் கடைசி அடையாளம்தான் பெரும்பாலும் முதலில் தோன்றும் என்கிறார்கள். தொடக்கத்தில் நான்கும் சேர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. காய்ச்சலும் இருக்க வேண்டியதில்லை. என் கணவருக்குக் காய்ச்சலே வரவில்லை, இரத்தத்தில் வெள்ளணுக்களும் அதிகம் கூடியிருக்கவில்லை. இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறதே என்று திரும்பிப் போய்விடக் கூடாது என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

உறைக்குள் நடப்பதை வார்டில் இருந்த முதுநிலை மாணவர் எனக்குப் புரியும்படி விளக்கினார். சைக்கிள் பிரேக் கம்பி அதன் குழாய்க்குள் ஓடுவதைப் போல, முன்னங்கைத் தசையிலிருந்து வரும் தசைநாண்கள் விரலில் ஓர் உறைக்குள் வழுக்கி ஓடுகின்றன. உறையின் உட்சுவரில் மசகுபோல் ஒரு நீர் சிறிதளவு இருக்கும். பாக்டீரியாவுக்கு அந்த நீர் நல்ல உணவு, உறை நல்ல மறைவிடம். அங்கே இரத்த ஓட்டம் குறைவு என்பதால் வெள்ளணுக்களும் மருந்தும் மெதுவாகவே வந்து சேர்கின்றன. சீழ் பெருகும்போது விரிந்துகொடுக்க இடமில்லாத அந்தக் குழாயில் அழுத்தம் ஏறுகிறது. தசைநாணுக்கு இரத்தம் கொண்டுவரும் மெல்லிய இழைகள் நசுங்குகின்றன. தசைநாண் பட்டினியில் அழுகி அறுந்துபோகலாம். அறுந்து போகாவிட்டாலும் உறையோடு ஒட்டிக்கொள்ளும். மாத்திரையால் மட்டும் இது ஏன் தீருவதில்லை என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

எந்த விரல் என்பதும் முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகியவற்றின் உறைகள் பொதுவாக உள்ளங்கையிலேயே முடிந்துவிடுகின்றன. கட்டைவிரலின் உறையும் சுண்டுவிரலின் உறையும் மணிக்கட்டு வரை நீள்கின்றன. பலருக்கு அவை இரண்டும் அங்கே ஒன்றோடொன்று தொடர்புகொண்டிருக்கும். ஆகவே சுண்டுவிரலில் குத்திய முள், சில நாள்களில் கட்டைவிரலை வீங்கச் செய்வதும் உண்டு. இதைக் குதிரைலாடச் சீழ் என்கிறார்கள். சுண்டுவிரலும் கட்டைவிரலும் வீங்கினால் இன்னும் விரைவாகப் போக வேண்டும்.

கிருஷ்ணகிரிக்குப் புறப்படும்முன் அந்த மருத்துவர் சொன்ன இன்னொரு வேலை, மோதிரத்தைக் கழற்றுவது. திருமண மோதிரம் பக்கத்து விரலில் இருந்தது. அந்த விரலும் வீங்கத் தொடங்கியிருந்தது. வீங்கிய விரலில் மாட்டிக்கொண்ட மோதிரம் இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். சோப்பு நீர் பயன்படவில்லை. மெல்லிய நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கம் எடுத்து, மறுமுனையை மோதிரத்தை ஒட்டி விரல் நுனிப் பக்கமாக நெருக்கமாகச் சுற்றி, பிறகு அடியில் இருந்த முனையைப் பிடித்து அவிழ்க்க அவிழ்க்க மோதிரம் நகர்ந்து வந்தது. தொற்று உள்ள விரலிலேயே மோதிரம் இருந்தால் இந்த வித்தையைச் செய்யாமல் வெட்டி எடுக்கச் சொல்ல வேண்டும். தங்கத்தை மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம்.

சூளகிரி வழியாக நெடுஞ்சாலையில் போகும்போது கையைத் தொங்கவிடாமல் எதிர்த் தோளைத் தொடும்படி உயர்த்தி வைத்திருந்தார். மருத்துவமனையில் முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு பாதிக்கப்படவில்லை என்று அதில் தெரிந்தது, முள் தெரியவில்லை. உலோகமும் கண்ணாடியும் எக்ஸ்ரேயில் தெரியும், மரச்சிம்பும் முள்ளும் பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் உறைக்குள் நீர் தேங்கியிருப்பதும், ஒரு சிறு துணுக்கு உள்ளே இருப்பதும் தெரிந்தன. முள்ளை முழுவதும் பிடுங்கிவிட்டதாகவே அவர் நம்பியிருந்தார். நுனி ஒடிந்து உள்ளே தங்கியிருந்திருக்கிறது. ஸ்கேன் செய்பவரிடம் “முள் குத்தியது” என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அவர் முள்ளைத் தேடுவார். வெறும் வீக்கம் என்று சீட்டில் இருந்தால் வீக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடக்கூடும்.

தொடக்க நிலையில், அதாவது ஓரிரு நாளுக்குள் வருபவர்களுக்கு, இரத்தநாளம் வழியாக ஆன்டிபயாடிக் செலுத்தி, கையை உயர்த்தி, அசையாமல் கட்டி வைத்து, ஒரு நாள் வரை கவனிப்பதும் உண்டு; தெளிவான முன்னேற்றம் இருந்தால் கத்தி தேவைப்படாமலும் போகலாம். என் கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு, உள்ளே துணுக்கும் இருந்தது, வலியும் ஏறிக்கொண்டிருந்தது. ஆகவே மருத்துவர்கள் அதிகம் காத்திருக்கவில்லை. அக்குளுக்கு அருகே ஊசி போட்டுக் கை முழுவதையும் மரத்துப்போகச் செய்தார்கள். அவர் விழித்தே இருந்தார். விரலை நெடுகக் கீறுவார்களோ என்று நான் அஞ்சியிருந்தேன். உள்ளங்கையில் உறை தொடங்கும் இடத்தில் ஒன்றும், விரல் நுனிக்கு அருகே உறை முடியும் இடத்தில் ஒன்றுமாக இரண்டு சிறிய வெட்டுகள்தான் போட்டார்கள். ஒரு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மறுவழியாகத் தெளிந்த நீர் வரும்வரை உப்புநீரால் கழுவினார்கள். முள் துணுக்கை எடுக்க, குத்திய இடத்திலும் சிறிது திறந்தார்கள். வெட்டுகளை இறுக்கித் தைக்காமல் விட்டுவிட்டார்கள். மிச்சமிருக்கும் சீழ் வெளியேற வழி வேண்டும் என்பது காரணம். தசைநாண் பளபளப்பாகவே இருந்தது என்று அறுவை மருத்துவர் வெளியே வந்து சொன்னபோது, அந்தச் சொல்லின் மதிப்பு எனக்கு அப்போது தெரியவில்லை. நிறம் மங்கிப் பஞ்சாகிப் போயிருந்தால் அதை வெட்டி எடுக்க நேர்ந்திருக்கும்.

எடுத்த சீழை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தது. நம் தோலிலும் மூக்கிலும் வாழும் மிகச் சாதாரணக் கிருமிதான்; கைத் தொற்றுகளில் மிகுதியாகக் காணப்படுவதும் அதுவே. முடிவு வருவதற்கு ஓரிரு நாள் ஆகும் என்பதால் அதுவரை பல கிருமிகளையும் தாக்கும் மருந்துகளைக் கொடுத்து, முடிவு வந்தபின் அந்தக் கிருமிக்கு உரிய மருந்துக்கு மாற்றினார்கள். காயம் எப்படி ஏற்பட்டது என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்பதற்கும் இதுவே காரணம். பூனை கடித்தால் பாஸ்டுரெல்லா, ஒருவர் வாயில் குத்தி அவர் பல் நம் கை முட்டியில் பட்டால் ஐக்கெனெல்லா, ஆற்று மீன் முள் குத்தினால் ஏரோமோனாஸ், செடி முள்ளில் சில வேளைகளில் பான்டோயா என்று ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வொரு கிருமி உண்டு. சண்டையில் பல் பட்ட காயத்தை வெட்கப்பட்டு மறைத்தால் தவறான மருந்து கிடைக்கும். முள் குத்திய விரலை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கமும் வாயிலுள்ள கிருமிகளைக் கொண்டுபோய்க் காயத்தில் சேர்ப்பதுதான்.

மருந்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விட்டுவிட முடியாது. எங்கள் பக்கத்தில் எந்தப் புண்ணுக்கும் மருந்துக்கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையைச் சீட்டின்றி வாங்கிச் சாப்பிடுவது சாதாரணம். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள் தசைநாணையே நலிவடையச் செய்து, சிலருக்கு அறுந்துபோகவும் வைக்கின்றன. குதிகால் தசைநாணுக்கு அந்த ஆபத்து அதிகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் இதற்காக அவற்றின் மீது மிகக் கடுமையான எச்சரிக்கைக் குறிப்பை அச்சிடச் செய்தது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு உட்கொள்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மருத்துவர் காரணம் பார்த்து எழுதிக் கொடுத்தால் அது வேறு. கிராமப்புறங்களில் வீக்கம் வற்றுவதற்காகப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசியும் இத்தகையதே. வீக்கமும் வலியும் குறைந்து குணமானதுபோல் காட்டும், உள்ளே கிருமி தடையின்றிப் பெருகும், சர்க்கரையும் ஏறிவிடும். என்ன ஊசி என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நம் உரிமை.

சர்க்கரையைப் பொறுத்தவரை, அவர் வழக்கமாகக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்தான். தொற்று வந்தவுடன் அளவு தாறுமாறாக ஏறியது. தொற்று சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை வெள்ளணுக்களின் வேலையைக் கெடுக்கும், தொற்று மேலும் பரவும். இந்தச் சுழலை அறுக்க, மாத்திரையை நிறுத்தி இன்சுலின் போட்டார்கள். இன்சுலின் ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதும் போட வேண்டியிருக்கும் என்று அவர் பயந்து முதலில் மறுத்தார். தொற்று தீர்ந்தபின் பழைய மாத்திரைக்கே திரும்பிவிட்டார். பக்கத்துக் கட்டிலில் பெண்ணாகரம் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியவருக்குக் கால் முழுவதும் தோலுக்கடியில் திசுப்படலம் அழுகியிருந்தது, அவருக்கும் சர்க்கரைதான். சிவப்பு மணிக்கு மணி மேலேறுவது, தோலில் தெரிவதைக் காட்டிலும் பன்மடங்கு வலிப்பது, தோல் கறுத்துக் கொப்புளம் போடுவது ஆகியவை அந்த நோயின் அடையாளங்கள். அதில் காத்திருக்கும் நேரம் உயிருக்கே உலை வைக்கும். 108-ஐ அழைத்துவிட வேண்டும்.

அறுவையோடு கதை முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தோம். உண்மையில் நீண்ட பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கையை மாவுக்கட்டுப் பலகையில் வைத்தபோது, மணிக்கட்டைச் சற்று மேல்நோக்கியும், விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டிகளை நன்கு மடக்கியும், விரல்களின் மற்ற மூட்டுகளை நேராகவும் வைத்துக் கட்டினார்கள். பார்ப்பதற்கு விசித்திரமாக இருந்த அந்த நிலைக்கு இயன்முறை சிகிச்சையாளர் காரணம் சொன்னார். எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் லிகமென்ட் என்ற தசைநார்கள் முட்டியின் இருபுறமும் உள்ளன. முட்டி நேராக இருக்கும்போது அவை தளர்ந்தும், மடங்கும்போது இழுபட்டும் இருக்கும். வீக்கத்தோடு நேராகக் கட்டிவைத்தால் தளர்ந்த நிலையிலேயே அவை சுருங்கிவிடும். பிறகு விரலை மடக்க முடியாது. விரலின் நடு மூட்டில் நிலைமை தலைகீழ்: மடங்கியே இருந்தால் உள்ளங்கைப் பக்கத்துத் தசைநார்ப் பட்டை சுருங்கி, நீட்ட முடியாமற்போகும். வலிக்கிறதே என்று நோயாளி தானாக வைத்துக்கொள்ளும் நிலை இந்த இரண்டுக்கும் நேரெதிரானது. தொற்றே எட்டாத தசைநார்களும் சும்மா கிடந்தே கெட்டுப்போகும் என்பது எனக்குப் புதிய செய்தி.

வீட்டிற்கு வந்தபின் இரவில் கை தொங்கிவிடாமல் இருக்க, என் பழைய பருத்திப் புடவையைக் கட்டிலுக்கு மேலே கட்டி, அதில் முன்னங்கையை வைத்துத் தூங்கச் செய்தேன். தலையணை நழுவிவிடும், புடவை நழுவாது. கை நெஞ்சைவிட உயரமாக இருந்த இரவுகளுக்கு மறுநாள் காலையில் விரல் எளிதாக அசைந்தது, இல்லாதபோது உலக்கை பிடித்ததுபோல் விறைத்தது என்று அவரே சொன்னார்.

பயிற்சியை வலி முற்றிலும் நீங்கிய பிறகு தொடங்கலாம் என்று நினைத்தால் காலம் கடந்துவிடும். கட்டு மாற்றும்போதே, அறுவைக்கு அடுத்த ஓரிரு நாளிலேயே, மெல்ல அசைக்கத் தொடங்கினார்கள். ஒரு விரலில் இரண்டு மடக்கு தசைநாண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. ஒன்று நடு மூட்டை மடக்கும், மற்றது நுனி மூட்டை மடக்கும். இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியே வழுக்க வேண்டும் என்பதற்காகப் பயிற்சியில் நிலைகள் மாறும்: விரல்களை முழுவதும் நீட்டுவது, முட்டியை நேராக வைத்துக்கொண்டு மற்ற மூட்டுகளை மட்டும் கொக்கியாக மடக்குவது, கையை முழுவதும் மூடிப் பிடிப்பது, முட்டியில் மட்டும் மடக்கி விரல்களை நேராக வைப்பது, நுனி மூட்டை நீட்டியபடியே உள்ளங்கையைத் தொடுவது. அதன்பின், நடு மூட்டை இடது கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நுனி மூட்டை மட்டும் மடக்க வேண்டும். இந்தக் கடைசிப் பயிற்சியைத்தான் எல்லோரும் ஏமாற்றுவார்கள், ஏனெனில் பார்ப்பதற்கு எதுவும் நடப்பதாகத் தெரியாது. ஒரே நேரத்தில் நெடுநேரம் செய்து விரலை வீங்கவைப்பதைவிட, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொருமுறை சிறிது சிறிதாகச் செய்வது நல்லது. என் கணவர் கைப்பேசியில் மணியடிக்க வைத்திருந்தார். வீட்டில் அந்த மணியோசை எல்லோருக்கும் வெறுத்துப்போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் உதவி செய்வதாக நினைத்து விரலைப் பிடித்து வலுவாக மடக்கிவிட வந்தார். பிறர் பலவந்தமாக மடக்கினால் புதிதாக ஆறும் திசு கிழிந்து, இன்னும் கெட்டியான தழும்பாக மாறும். தன் தசையால் தானே மடக்குவதுதான் தசைநாணை உறைக்குள் ஓடச் செய்யும்.

எல்லாக் கைத் தொற்றுகளும் இப்படி விரைவாக வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரோஜாக்காரர்களுக்கு ஸ்போரோட்ரிக்ஸ் என்ற பூஞ்சையால் ஒரு நோய் வரலாம். முள் குத்திச் சில வாரங்கள் கழித்து வலியில்லாத கட்டி தோன்றி, கை வழியே மேலே வரிசையாகக் கட்டிகள் எழும். ஆன்டிபயாடிக் அதற்கு வேலை செய்யாது. பூஞ்சைக்கு உரிய மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். மணிக்கட்டில் வலியின்றி மாதக்கணக்கில் வளரும் வீக்கம் காசநோயாகவும் இருக்கலாம். காசநோய் நுரையீரலைத் தவிர தசைநாண் உறையிலும் குடியேறும். ஆகவே நாள்பட்ட வீக்கத்தில் எடுக்கும் திசுவைச் சாதாரணக் கல்ச்சருக்கு மட்டுமின்றி, பூஞ்சைக்கும் காசநோய்க்கும் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

இப்போது எங்கள் குடிலில் சில ஏற்பாடுகள் மாறியிருக்கின்றன. மொட்டுக் கிள்ளுபவர்களுக்கு விரல் நுனி மட்டும் வெளியே தெரியும்படி வெட்டிய தடித்த கையுறை கொடுக்கிறோம். மடிப்புக் கோடுகள் மூடியிருக்கின்றன, நுனி வேலைக்குத் தடையில்லை. தண்ணீர்க் குழாய்க்கு அருகில் சோப்பும், கூரிய இடுக்கியும், உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருக்கின்றன. முள் குத்தினால் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவ வேண்டும், எடுத்த முள்ளின் நுனி முழுதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறுநாள் காலையில் வேலைக்கு வருபவர் அந்த விரலை மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். நகத்தைப் பிடித்து மெல்ல நீட்டும்போது கத்தினால், அன்று பூ வெட்டுவதற்கு ஆள் குறைந்தாலும் பரவாயில்லை, முதலில் மருத்துவமனை. நாள்கூலிக்கு வருபவர் கூலி போய்விடுமே என்று வலியை மறைப்பது இயல்பு என்பதால் அந்த நாளின் கூலியைப் பிடிப்பதில்லை என்று முடிவு செய்தோம். இதில் பெருந்தன்மை எதுவும் இல்லை. விரல் விறைத்த தொழிலாளி பருவம் முழுவதும் வேலை செய்ய முடியாது. குடும்பத்தில் மருத்துவக் காப்பீட்டு அட்டை எங்கே இருக்கிறது என்பதையும் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அன்று மாலை என் அட்டையைத் தேடியே நேரம் போனது.

என் கணவரின் விரல் இப்போது முழுவதும் நீள்கிறது. மடக்கும்போது நுனி மூட்டு பாதியளவுதான் வருகிறது. உள்ளங்கையைத் தொடச் சிறிது தூரம் மிச்சம். தசைநாண் தழும்போடு ஒட்டியிருப்பதால் அப்படி நிற்கிறது, பயிற்சியில் இதற்கு மேல் முன்னேற்றம் நின்றுவிட்டால் ஒட்டலை விடுவிக்கும் இன்னோர் அறுவை செய்யலாம், அதற்குத் தழும்பு முற்றி மென்மையாகச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த அறுவைக்குப் பிறகும் அதே பயிற்சியை அன்றே தொடங்கி அதே கண்டிப்போடு செய்ய வேண்டும், செய்யாவிட்டால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். கத்தரியைப் பிடிக்கவும் வண்டியின் பிரேக்கை அழுத்தவும் இப்போதிருக்கும் அசைவே போதும் என்று அவர் சொல்லிவிட்டார். அவருடைய வேலைக்கு அது சரியான கணக்கு என்பதால் நானும் வற்புறுத்தவில்லை.